டெத் ரேஸ் 2050 ஏன் இப்படிச் சப்பென்று போனது?

1975-இல் வந்த ‘டெத் ரேஸ் 2000’ படத்தை, அன்று அதைத் தயாரித்த ரோஜர் கார்மனே 2017-இல் ‘டெத் ரேஸ் 2050’ என்று மறுபடி எடுத்தாரே, அது ஏன் இவ்வளவு ஏமாற்றமாக இருக்கிறது, பட்ஜெட் இல்லாததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்ஜெட் காரணமே இல்லை. பழைய படமும் கையில் காசு இல்லாமல் எடுத்த படம்தான். சுமார் 3 லட்சம் டாலர் என்பார்கள், சிலர் அதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டு மதிப்பில் பார்த்தால் 13, 14 லட்சம் டாலர் வரும், ஹாலிவுட் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. கார்மன் வாழ்நாள் முழுக்க இந்த மாதிரித் தொகையில்தான் படம் எடுத்தார், அதில் பலவும் நன்றாகவே ஓடின. அதனால் காசை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். என் பதில் இதுதான்: பழைய படத்துக்குள் இருக்கிற ஒவ்வொருவரும் அந்தக் கொடூரமான உலகத்தை மிகச் சாதாரணமான ஒன்றாக நம்பி வாழ்கிறார்கள், புதிய படத்துக்குள் இருக்கிற யாருமே எதையும் நம்பவில்லை. கேமராவைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அங்கேயே படம் செத்துவிடுகிறது.

பழைய படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979-இல் பொருளாதாரம் நொறுங்கி, அமெரிக்கா சர்வாதிகார நாடாகிவிட்டது. மக்களை அடக்கிவைக்க ஆண்டுதோறும் ஒரு கார் பந்தயம் நடக்கிறது. நியூயார்க்கில் கிளம்பி நியூ லாஸ் ஏஞ்சலிஸ் வரை நாட்டின் குறுக்கே ஓட்ட வேண்டும். வழியில் மனிதர்களை ஏற்றிக் கொன்றால் புள்ளிகள். ஃபிராங்கன்ஸ்டைன் என்ற முகமூடி போட்ட வீரனாக டேவிட் கேரடைன், அவனுக்குப் போட்டியாக மெஷின் கன் ஜோ என்ற முரடனாக சில்வெஸ்டர் ஸ்டாலோன். ‘ராக்கி’ வருவதற்கு ஒரு வருடம் முன்பு ஸ்டாலோனை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது, ஆனாலும் எரிச்சலும் பொறாமையுமாக அவர் கத்துகிற கத்தலில் அந்த ஆள் அப்படியே கண்முன் நிற்கிறான். இயக்கியவர் பால் பார்ட்டல். மூலம் ஐப் மெல்கியோர் 1956-இல் எழுதிய ஒரு சிறுகதை. பந்தய வீரன் ஒருவனுக்கு மெல்லக் குற்ற உணர்ச்சி வந்து சேர்வதைச் சொல்லும், சிரிப்பே இல்லாத கதை அது.

சரி, இந்தப் படத்தில் என்ன விசேஷம்? புள்ளிக் கணக்குதான். பந்தயம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அறிவிப்பாளர் அந்த ஆண்டின் மாற்றங்களைப் படிக்கிறார். எல்லா வயதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு 10 புள்ளி கூடுதல், அதில் மாற்றமில்லை. பதின்வயதினருக்கு இனி 40. பன்னிரண்டு வயதுக்குக் கீழே 70. எழுபத்தைந்தைத் தாண்டிய யாராக இருந்தாலும் 100. ஏதோ வரிவிகித மாற்றத்தைச் செய்தியில் வாசிப்பதுபோல வாசிக்கிறார், குரலில் ஒரு தடுமாற்றம் கிடையாது. ஒரு ரூபாய் செலவில்லாத காட்சி இது, ஒரு மைக்கும் ஒரு ஆளும் போதும். ஆனால் இது முடிந்ததும் பார்க்கிற நமக்குள் ஒரு விபரீதம் நடந்துவிடுகிறது: அடுத்த காட்சிகளில் தெருவோரம் ஒரு வயதானவர் நின்றால், நம்மை அறியாமல் மனசு நூறு என்று கணக்குப் போடுகிறது. அந்த நாட்டு மக்கள் எப்படி இந்தப் பந்தயத்துக்குப் பழகினார்களோ அதே வழியில் நம்மையும் சில நிமிடங்களில் பழக்கிவிடுகிறார்கள். டிஸ்டோபியா, அதாவது கொடூரமான கற்பனை உலகம், என்று எத்தனையோ படம் வருகிறது, பார்வையாளனை இப்படிக் குற்றத்தில் கூட்டாளி ஆக்குகிற படம் மிகச் சில.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் ஒட்டிக்கொண்டது என்றால், 1976-இல் எக்ஸிடி நிறுவனம் ‘டெத் ரேஸ்’ என்றே ஒரு ஆர்கேட் கேம், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம், கொண்டுவந்தது. கறுப்பு வெள்ளைத் திரையில் குச்சிகுச்சியாக ஓடும் உருவங்களைக் காரால் இடித்தால் புள்ளி. அமெரிக்காவில் வீடியோ கேம் வன்முறை பற்றி எழுந்த முதல் பெரிய எதிர்ப்புகளில் ஒன்று அதற்குத்தான். 1997-இல் வந்த ‘கார்மகெடான்’ விளையாட்டும் இதே கருவிலிருந்து பிறந்ததுதான்.

இன்னொரு காட்சியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு முதியோர் மருத்துவமனை. ஆண்டுதோறும் பந்தய நாளில் அங்கே கருணைக்கொலை தினம். செவிலியர்கள் முதியவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து சாலை நடுவில் வரிசையாக நிறுத்திவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஒவ்வொரு நாற்காலியும் நூறு புள்ளி. ஃபிராங்கன்ஸ்டைனின் கார் வருகிறது, கடைசி நொடியில் வளைகிறது, முதியவர்களை விட்டுவிட்டு ஓரத்தில் நின்ற மருத்துவமனைக்காரர்கள் மேல் ஏறிப் போகிறது. ஹீரோ என்ன மாதிரி ஆள் என்று வசனமே இல்லாமல் தெரிந்துவிடுகிறது. அதோடு நாம் கைதட்டியும் விடுகிறோம், எதற்குக் கைதட்டினோம் என்று அப்புறம்தான் உறைக்கும்.

அப்புறம் அந்த ரசிகை. ஃபிராங்கன்ஸ்டைன் ரசிகர் மன்றத்தைச் சேர்ந்த ஒரு இளம்பெண், மறுநாள் அவன் காருக்கு முன்னால் நின்று தன்னைப் புள்ளியாகக் கொடுக்கப் போகிறாள். அதற்கு முன் ஒருமுறை அவனை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று வருகிறாள். அவள் பைத்தியம் இல்லை, யாரும் அவளை மிரட்டவும் இல்லை. பக்தியோடு, சந்தோஷமாக, நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்து சாலையில் நிற்கிறாள். படத்தில் ரத்தம் தெறிக்கிற இடங்கள் எத்தனையோ இருக்கின்றன, எனக்கு இந்தப் பெண்தான் மறக்கவில்லை. நட்சத்திர வழிபாடு எதுவரை போகும் என்பதை ஒரு சொற்பொழிவும் இல்லாமல் காட்டிவிட்டார்கள். பந்தயத்தில் முதலில் செத்த ஆளின் மனைவியை ஒரு தொலைக்காட்சிப் பெண்மணி பேட்டி எடுத்து, அவளுக்கு மெக்சிகோவின் கடற்கரை நகரமான அகபுல்கோவில் ஒரு அபார்ட்மென்ட் பரிசு என்று அறிவிக்கிற காட்சியும் இதே ரகம்தான். அந்த விதவைக்கு அழுவதா சந்தோஷப்படுவதா என்று ஒரு கணம் தெரியவில்லை, அந்த ஒரு கணத்தில் அந்தச் சமூகம் முழுவதும் தெரிகிறது.

இவை எல்லாவற்றுக்கும் கீழே ஓடுகிற ஒரு விஷயமும் உண்டு. ஃபிராங்கன்ஸ்டைன் என்பவன் பல விபத்துகளில் கை கால் போய், மறுபடி மறுபடி ஒட்டிச் சேர்த்த வீரன் என்பது நாட்டு மக்களின் நம்பிக்கை. முகமூடியைக் கழற்றினால் உள்ளே தழும்பே இல்லாத ஒரு முகம். அப்படி ஒரே ஆள் இருந்ததே இல்லை. அரசு தன் காப்பகத்தில் வளர்த்துப் பழக்கி, ஒருவன் செத்தால் அடுத்தவனுக்கு அதே முகமூடியை மாட்டி அனுப்புகிறது. ஜனாதிபதி நாட்டிலேயே இருப்பதில்லை, பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) உள்ள கோடைக்கால அரண்மனையிலிருந்து பேசுகிறார். உள்நாட்டுக் கலகக்காரர்கள் செய்யும் தாக்குதல் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சுக்காரர்கள் மேல் பழி போடுகிறார்கள். நிஜ அமெரிக்காவில் ஜனாதிபதி நிக்சன் பதவி விலகியது 1974 ஆகஸ்டில், வியட்நாம் போரில் சைகோன் விழுந்தது 1975 ஏப்ரலில். அரசு சொல்வது பொய் என்று ஊருக்கே தெரிந்திருந்த நேரத்தில் வந்த படம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நகைச்சுவையில் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று புரியும். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அன்று இந்தப் படத்துக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்தப் படத்தில் அவர் வன்முறையை மட்டும் பார்த்துவிட்டு அதற்குள் இருந்த எரிச்சலைப் பார்க்காமல் போய்விட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

எடுத்த விதத்தையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டது பட்ஜெட் பற்றி. கார்களைக் கட்டியவர் டீன் ஜெஃப்ரிஸ், அன்றைக்குப் பெயர் பெற்ற கார் வடிவமைப்பாளர். அடியில் பார்த்தால் சிலவற்றில் பழைய வோல்க்ஸ்வாகன் காரின் அடிச்சட்டம்தான், மேலே முதலைப் பல்லும் மாட்டுக் கொம்பும் பெரிய கத்தியும் வைத்து உடல் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு காரும் அதன் ஓட்டுநரின் குணத்தைச் சொல்லும், தூரத்தில் ஒரு புள்ளியாக வந்தாலும் யார் வருகிறார்கள் என்று தெரியும். அந்தக் கார்கள் அவ்வளவு வேகமாக ஓடாது. அதனால் கேமராவை நொடிக்கு 24 ஃபிரேமுக்குக் குறைவாக ஓட்டிப் படம்பிடித்து, திரையில் பறப்பதுபோலக் காட்டினார்கள். உற்றுப் பார்த்தால் அது தெரியத்தான் செய்கிறது, ஆட்கள் கொஞ்சம் வெடுக்வெடுக்கென்று அசைவார்கள். ஆனால் சாலை நிஜச் சாலை, தூசி நிஜத் தூசி, காருக்கு ஒரு எடை இருக்கிறது, திரும்பும்போது சாய்கிறது. வருங்கால நகரம் வேண்டும் என்கிற இடத்தில் ஒரு ஓவியத்தைப் பின்னால் ஒட்டினார்கள், அதிலும் சில ஷாட்களுக்கு மட்டும். மற்றபடி கலிஃபோர்னியாவின் வெறும் சாலைகளும் மொட்டை மலைகளும்தான் எதிர்காலம். ஒளிப்பதிவு டாக் ஃபுஜிமோட்டோ, பின்னாளில் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்’ படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தவர். குறைந்த சம்பளத்துக்குத் திறமையான இளைஞர்களைப் பிடித்துப் போடுவதில் கார்மனுக்கு ஈடே கிடையாது. பின்னாளில் பெரிய இயக்குநர்களான கொப்போலா, ஸ்கோர்செசி, ஜொனதன் டெம், ஜேம்ஸ் கேமரூன் எல்லாரும் அவரிடம் வேலை பார்த்து வந்தவர்கள்.

இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே ஒரு இழுபறியும் இருந்தது. பார்ட்டலுக்கு நகைச்சுவை வேண்டும், கார்மனுக்கு வேகமும் ரத்தமும் வேண்டும். இருவரில் யாரும் முழுசாக ஜெயிக்கவில்லை, படத்துக்கு அதனால் நல்லதே நடந்தது. சிரிப்பு அளவோடு நின்றது, ரத்தமும் அளவோடு நின்றது. 80 நிமிடச் சொச்சத்தில் படம் முடிந்துவிடும்.

இனி 2050-க்கு வருவோம். நியாயமாகச் சொன்னால், தாளில் இது மோசமான யோசனை இல்லை. நாடு இப்போது அமெரிக்க ஐக்கிய நிறுவனங்கள் என்று ஆகிவிட்டது, ஜனாதிபதிக்குப் பதில் சேர்மன். எல்லா வேலையையும் இயந்திரங்கள் செய்வதால் கிட்டத்தட்ட யாருக்குமே வேலை இல்லை, ஜனங்கள் வீட்டில் கண்ணில் மெய்நிகர் கருவியை மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். ஒவ்வொரு பந்தயக் காரிலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் பிராக்சி என்று ஒருவர் உட்கார்ந்து வருகிறார், அவர் பார்ப்பதையும் உணர்வதையும் நாட்டு மக்கள் வீட்டிலிருந்தபடியே அனுபவிக்கிறார்கள். பழைய படத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வெறும் வழிகாட்டி. அதைப் பிராக்சி ஆக்கியது உண்மையிலேயே நல்ல மாற்றம். வீட்டில் உட்கார்ந்து அடுத்தவன் கண் வழியாகக் கொலையை அனுபவிக்கிற ஜனங்கள் என்பது 1975-இல் யோசித்திருக்கவே முடியாத விஷயம், 2017-க்கு அப்படியே பொருந்துவது. தானே ஓடும் கார் ஒன்றும் பந்தயத்தில் இருக்கிறது, ஓட்டுநரே கிடையாது, போகப் போக அதற்குத் தான் யார் என்ற குழப்பம் வந்துவிடுகிறது. இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைக் கெட்டியாகப் பிடித்திருந்தால் போதும், இன்னொரு நல்ல படம் கிடைத்திருக்கும்.

பிடிக்கவில்லை. பிராக்சி என்ற யோசனையைச் சொல்லிவிட்டு அப்படியே நகர்ந்துவிடுகிறார்கள். வீட்டில் அதைப் பார்க்கிற ஒரு குடும்பத்தையாவது நமக்கு நெருக்கமாகக் காட்டி, அந்தக் கொலைகள் அவர்களை என்ன செய்கின்றன, அவர்கள் ஏன் அதைக் கழற்றிவைக்க மாட்டேன் என்கிறார்கள் என்று இரண்டு காட்சி எழுதியிருக்கலாம். அதற்கு ஒரு அறையும் இரண்டு நடிகர்களும் போதும், பணம் இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக ஒரு நையாண்டி, உடனே இன்னொரு நையாண்டி, அதற்கு மேல் ஒரு ஆபாச ஜோக். மரபணு மாற்றிப் பிறந்த கட்டழகன் ஒருவன், பாப் பாடகி ஒருத்தி, தனக்கென்று ஒரு மதமே வைத்திருக்கிற பெண் ஒருத்தி என்று போட்டியாளர்கள் எல்லாருமே செய்தித்தாள் கார்ட்டூனில் இருந்து இறங்கி வந்தவர்கள்போல இருக்கிறார்கள். அறிமுகக் காட்சியிலேயே அவர்களைப் பற்றிய ஜோக் தீர்ந்துவிடுகிறது, மிச்சப் படம் முழுக்க அதே ஜோக்கைத்தான் உரக்கச் சொல்கிறார்கள்.

பழைய படத்தில் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அறிவிப்பாளர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார், செவிலியர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள், ரசிகை பக்தியோடு இருக்கிறாள். எல்லாரும் இயல்பாக நடந்துகொள்கிறார்கள், சூழ்நிலைதான் விபரீதம். அந்த இடைவெளியில்தான் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. 2050-இல் சூழ்நிலையும் விபரீதம், ஆட்களும் விபரீதம், பேச்சும் உடையும் தலைமுடியும் எல்லாம் விபரீதம். இயல்பாக ஒருவர்கூட இல்லாத உலகத்தில் எது தப்பு என்று நமக்கு எப்படி உறைக்கும்? ஒருவன் கார் ஏறிச் செத்தால், இன்னொரு ரப்பர் தலை வெடித்தது என்று மட்டும்தான் தோன்றுகிறது.

சேர்மனாக வருபவர் மால்கம் மெக்டவல். 1971-இல் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ படத்தில் உலகத்தையே உலுக்கிய நடிகர், டிஸ்டோபியா என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே அவர் தலையில் ஒரு விசித்திர முடியை வைத்து, டிரம்ப்பை நினைவுபடுத்தும்படி பேசவிட்டிருக்கிறார்கள். டிரம்ப் பதவியேற்ற அதே 2017 ஜனவரியில்தான் படமும் வெளியானது, சூடாக இருந்த விஷயம்தான். ஆனால் ஒரு ஆளின் தலைமுடியைக் கேலி செய்வதும் ஒரு ஆட்சி எப்படி இயங்குகிறது என்று காட்டுவதும் ஒன்றாகிவிடாது. பழைய ஜனாதிபதிக்கு ஒரு முறை இருந்தது: தூரத்தில் இருப்பது, குடும்பத் தலைவர் மாதிரி அன்பாகப் பேசுவது, பழியை அந்நியன் மேல் போடுவது. அது எந்த நாட்டுக்கும் எந்தக் காலத்துக்கும் பொருந்துகிறது. இந்தச் சேர்மனுக்கு அப்படி ஒரு முறை இல்லை, பெரும்பாலும் ஒரு செட்டில் உட்கார்ந்துகொண்டு வந்து வந்து போகிறார்.

ஃபிராங்கன்ஸ்டைனாக நடித்த மனு பென்னட் மேல் எனக்குக் குறையே இல்லை. ‘ஸ்பார்டகஸ்’ தொடரில் கிரிக்ஸஸாக வந்தவர், ‘ஆரோ’ தொடரில் ஸ்லேட் வில்சன். உடம்பும் குரலும் முறைப்பும் எல்லாம் இருக்கிறது, படத்திலேயே கதையை நம்பி நடிக்கிற ஒரே ஆள் அவர்தான் என்றுகூடச் சொல்வேன். அதனாலேயே அவர் தனியாகத் தெரிகிறார். சுற்றியிருக்கிறவர்கள் எல்லாரும் கூத்தடிக்கும்போது நடுவில் ஒருவர் மட்டும் வலியோடு நடித்தால் பார்க்கிறவருக்கு எதை நம்புவது என்று தெரியாது.

கிராபிக்ஸ் பற்றி நிறையப் பேர் திட்டுகிறார்கள். மலிவாக இருப்பது பிரச்சினை இல்லை, எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் பிரச்சினை. பழைய படம் பின்னணி ஓவியத்தை ஒன்றிரண்டு இடத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இதில் கணினியில் வரைந்த நகரங்களைத் திரும்பத் திரும்ப, அதுவும் நன்றாகத் தெரியும்படி காட்டுகிறார்கள். தன்னிடம் எது இல்லையோ அதையே முன்னால் நிறுத்துவது போலாகிவிடுகிறது. ஜான் கார்பென்டர் 1981-இல் ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’ எடுத்தபோது, கிளைடர் பறக்கும் காட்சியில் கணினித் திரையில் நகரத்தின் கோட்டுப் படம் தெரிய வேண்டும். அன்று அதைக் கணினியில் செய்யக் கட்டுப்படியாகாது. அதனால் கட்டடங்களின் சிறிய மாதிரிகளைக் கறுப்பாக்கி, விளிம்புகளில் ஒளிரும் பட்டையை ஒட்டிக் கேமராவை அவற்றுக்கு நடுவே ஓட்டினார்கள். இன்றைக்கும் அது கணினி என்றே நம்புவோம். இடிந்த நியூயார்க்குக்கு, மிசிசிப்பி ஆற்றங்கரையில் தீயில் கருகிக் கிடந்த கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரத்தைப் போய்ப் பிடித்தார்கள். காசில்லாத படத்துக்கு இந்த மாதிரி அலைச்சல்தான் காசு.

கார்மனுக்கு இது தெரியாதா, அவரே ஏன் இப்படிச் செய்தார் என்று நீங்கள் கேட்கலாம். சந்தை மாறிவிட்டது என்பதுதான் நான் பார்க்கிற காரணம். 1975-இல் சின்னப் படமும், காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் டிரைவ்-இன் அரங்குக்கும் ஊர்த் தியேட்டருக்கும் போயாக வேண்டும். முதல் வாரம் பார்த்தவன் வெளியே போய் நல்லா இருக்கு என்று சொன்னால்தான் அடுத்த ஊரில் ஓடும். அந்த ஆண்டு ஜூனில் நார்மன் ஜூயிசனின் ‘ரோலர்பால்’ பெரிய விளம்பரத்தோடு வரவிருந்தது, எதிர்கால ரத்த விளையாட்டு என்ற அதே கருவில் அதற்கு முன்னால் நுழைந்துவிட வேண்டும் என்று கார்மன் முந்திக்கொண்டார். வியாபாரப் புத்திதான், ஆனால் படம் நன்றாக இருந்தால்தான் அந்த வியாபாரமும் பலிக்கும். 2050 அப்படி இல்லை. யுனிவர்சல் நிறுவனத்தின் நேரடி வீடியோப் பிரிவு வழியாக டிஸ்க்கிலும் இணையத்திலும் வந்தது. அங்கே விற்பது தலைப்பும் அட்டைப்படமும்தான். பெயர் தெரிந்த ஒன்றைப் பார்த்ததும் ஆள் காசைக் கொடுத்துவிடுகிறான், அப்புறம் படம் எப்படி இருந்தால் என்ன? எடுக்கிறவர்களுக்கு நல்ல படம் எடுக்க வேண்டிய நெருக்கடியே அங்கே கிடையாது.

இடையில் 2008-இல் பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் எடுத்த ‘டெத் ரேஸ்’ ஒன்று இருக்கிறது, ஜேசன் ஸ்டேதம் நடித்தது, பட்ஜெட் சுமார் 4.5 கோடி டாலர். அதில் பாதசாரிகளே இல்லை. தனியார் சிறை ஒன்றில் கைதிகள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள், ஜனங்கள் அதை இணையத்தில் காசு கட்டிப் பார்க்கிறார்கள். கார்கள் நிஜம், மோதல்கள் நிஜம், ஒருமுறை பார்க்கலாம். ஆனால் புள்ளிக் கணக்கை எடுத்துவிட்டதால் நாம் மறுபடி வெறும் பார்வையாளர்களாகிவிடுகிறோம். அதற்கு முன்கதை, பின்கதை என்று நேரடி வீடியோவில் இன்னும் மூன்று வந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பணம்தான் பிரச்சினை என்று இன்னும் தோன்றினால் 2002-இல் வந்த ‘ரோலர்பால்’ ரீமேக்கைப் பாருங்கள். ‘டை ஹார்ட்’ எடுத்த ஜான் மெக்டியர்னன், சுமார் 7 கோடி டாலர். மூலப் படத்தில் தனி மனிதன் எவ்வளவு முயன்றாலும் பயனில்லை என்று ஜனங்களுக்குக் காட்டவே அந்த விளையாட்டை நிறுவனங்கள் நடத்தும். அந்த ஒரு விஷயம்தான் படத்தின் உயிர். ரீமேக் அதைத் தூக்கிவிட்டு, கஜகஸ்தானில் நடக்கும் ஏதோ சூதாட்ட விளையாட்டு என்று ஆக்கியது. தயாரிப்பாளர்கள் போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. எதிர்ப்பக்கத்தில் 2012-இல் வந்த ‘டிரெட்’. 1995-இல் ஸ்டாலோன் நடித்த ‘ஜட்ஜ் டிரெட்’ படத்துக்கு ஆன செலவில் பாதியோ அதற்கும் குறைவோதான். எழுதிய அலெக்ஸ் கார்லண்ட் முழு நகரத்தையும் காட்ட ஆசைப்படாமல், கதையை ஒரே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் பூட்டிவிட்டார். கார்ல் அர்பன் கடைசி வரை ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை, ஒரு இடத்தில்கூட இது கதைதானே என்று சிரிக்கவும் இல்லை. தியேட்டரில் அது ஓடவில்லை, உண்மைதான். ஆனால் டிஸ்க்கில் பார்த்தவர்கள் இன்றுவரை விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குறைந்த காசில் மறுபடி எடுப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் காட்டுகிற படம் இதுதான்.

சிலர் 2050-ஐ, வேண்டுமென்றே மட்டமாக எடுத்த ஜாலிப் படம், அதில் போய் என்ன தேடுகிறீர்கள் என்று சொல்வார்கள். அவர்கள் ரசித்திருந்தால் ரசிக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் வேண்டுமென்றே மட்டமாக எடுப்பது ஒரு தற்காப்பு என்பது என் எண்ணம். யாரும் குறை சொல்லும் முன் நாமே சிரித்துவிட்டால் அடி படாது அல்லவா? பழைய படக்குழு அந்தத் தற்காப்பைத் தேடவில்லை. முதலைப் பல் வைத்த காரைக் கூச்சமே இல்லாமல் நம்பி ஓட்டினார்கள், அது கேலிக்கு ஆளாகும் என்று தெரிந்தும்.

கார்மன் 2024 மே மாதம் 98 வயதில் காலமானார். அவர் பெயரைக் கேட்டு இப்போது படம் தேடுகிறவர்கள் புதியது என்பதால் 2050-இல் தொடங்கிவிடுகிறார்கள், நீங்களும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1975 படத்தை இப்போது பாருங்கள், நல்ல பிரதி டிஸ்க்கில் கிடைக்கிறது, சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில். முதல் கால் மணி நேரம் மேக்கப்பும் செட்டும் பழசாகத் தெரியும், புள்ளிகளை அறிவிக்கிற இடம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு 2050-ஐ இன்னொரு முறை போட்டு, பிராக்சி வருகிற காட்சிகளை மட்டும் பாருங்கள். ஒரு நல்ல படம் எந்த இடத்தில் தொடங்கியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.